மதிப்பெண் தாளில் எண்ணெய்

எண்ணெய் பட்ட தாளில் பால்பாயிண்ட் பேனா எழுதாது. இரண்டு எழுத்து விழும், மூன்றாவதில் வழுக்கும். சாக்பீஸை நகத்தால் சுரண்டி அந்தத் தூளைக் கறையின் மேல் தூவி, ஐந்து நிமிடம் விட்டு, துணியால் ஒற்றி எடுத்தால் மறுபடி எழுதும். எங்கள் மலையில் வருடந்தோறும் நடக்கும் கலைப்போட்டியில் நேரக்காப்பாளராக உட்கார்ந்த முதல் வருடம் இதைக் கற்றுக்கொண்டேன். கறை பிரியாணியுடையது. விரல் ரேகை ஒரு நடுவருடையது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மஞ்சளாக, முழுதாக, கைநாட்டு வைத்ததுபோல் பதிந்திருந்தன.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ஆள் வருகை, பழத்தின் எடை, மழை அளவு இவற்றைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. எழுதியே பழகிவிட்டதால் வீட்டிலும் டைரி எழுதுகிறேன். பனி எத்தனை மணிக்கு விலகியது, பஸ் எத்தனை நிமிடம் தாமதம், அன்று என்ன சாப்பிட்டேன் எல்லாம் அதில் இருக்கும். இருபத்தாறு டைரிகள் அலமாரியில் வருட வரிசையில் நிற்கின்றன. இந்தப் பழக்கத்தைக் கேள்விப்பட்டுத்தான் போட்டிக் குழு என்னிடம் ஒரு பித்தளை மணியைக் கொடுத்தது. ஆறாவது நிமிடத்தில் ஒரு முறை அடிக்க வேண்டும், ஏழில் இரண்டு முறை, எட்டில் நீளமாக. கடைசியில் நடுவர்களின் தாள்களை வாங்கிக் கூட்டிக் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டி மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். காப்பிப் பழம் பறித்து முடிந்து, செடிகளைப் பூக்கவைக்கும் பூ மழை எப்போது வரும் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சமயம். மலைக்காரர்களின் ஊர்களும் எஸ்டேட் லைன் வீடுகளுமாக ஒன்பது அணிகள் வரும். கும்மி, கோலாட்டம், தப்பாட்டம், சின்ன நாடகம், தனிப்பாட்டு என்று காலை ஒன்பதுக்குத் தொடங்கி, கடைசிப் பஸ்ஸுக்கு முன் முடித்தாக வேண்டும். கீழே சேலத்தில் எவ்வளவோ கச்சேரி நடக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அதைக் கேட்க நாங்கள் போவதில்லை. தீவுக்காரர்கள் போல எங்களுக்குள்ளேயே பாடி, எங்களுக்குள்ளேயே ஜெயித்து, அதை வைத்து வருடம் முழுக்க எங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்கிறோம். மேலே இருக்கும் யாரும் ஏதாவது ஓர் ஊருக்குச் சொந்தக்காரர்தான். அதனால் நடுவர்கள் மட்டும் கீழேயிருந்து வர வேண்டும் என்பது விதி.

கீழேயிருந்து வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போட வேண்டுமே. அதற்கு ஒரு முறை வைத்தார்கள். ஒரு வருடம் ஓர் ஊர் என்று சுற்றி வரும். ஆரம்பத்தில் அது வெறும் சாப்பாடுதான் என்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அது வெறும் சாப்பாடாக இல்லை.

நடுவர் பந்தியில் நான்காவது இலை எனக்கு. அதனால் என்ன பரிமாறினார்கள் என்பது ஒவ்வொரு வருடமும் என் டைரியில் ஏறிவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில் வேலை இல்லாமல் போட்டி நாட்களின் பக்கங்களை மட்டும் வரிசையாகத் திறந்து வைத்துப் பார்த்தேன். எந்த ஊர் சாப்பாடு போட்டதோ அந்த ஊர்தான் தனிப்பாட்டில் முதல் பரிசு வாங்கியிருந்தது. இரண்டே வருடங்கள் தவறியிருந்தன. ஒன்றில் சாமைச் சோறும் கீரையும் போட்டிருந்தார்கள். இன்னொன்றில் கறி தீய்ந்துபோயிருந்தது.

கண்டுபிடித்ததும் எனக்கு வாயில் கசந்தது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடமும் போய் நான்காவது இலையில் உட்கார்ந்தேன்.

பாட்டுக்கார அம்மிணி என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். வெள்ளக்கடையைத் தாண்டி ஒரு மலையூரில் கொஞ்சம் சாமை, கொஞ்சம் மிளகு, பத்து ஆரஞ்சு மரம் வைத்திருக்கும் குடும்பம். தனிப்பாட்டில் அவர் எட்டு முறை இரண்டாம் பரிசு வாங்கியவர். அவர் மேடையேறினாலே கூட்டத்தில் யாராவது "ரெண்டு வந்திருச்சு!" என்று கத்துவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் பாட ஆரம்பிப்பார். நாற்பத்தைந்து வயது தாண்டினால் போட்டியில் இடமில்லை. மூத்தோர் பிரிவு என்று மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு சால்வை போர்த்தி, ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்த வருடம் மாசியில் அவருக்கு நாற்பத்தைந்து முடிய ஐந்து மாதம் இருந்தது. அதாவது கடைசி வாய்ப்பு. சாப்பாட்டு முறையும் இந்த வருடம் அவருடைய ஊருக்கு வந்திருந்தது.

போட்டிக்கு மூன்று வாரம் முன் நிகழ்ச்சி நிரலைக் கொடுக்க அந்த ஊருக்குப் போனேன். வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். அம்மிணி காலால் தள்ளித் தள்ளி அதைக் கிளறிக்கொண்டிருந்தார். கணவர் ஏணி ஒன்றுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க ரைட்டரண்ணா. நம்மூட்டுக்கு வழி தெரிஞ்சுதுங்களா?"

"வழி தெரியாமயா? வருசா வருசம் ரெண்டாம் பரிசு கொண்டாந்து குடுக்கறவராச்சே," என்றார் கணவர்.

"சும்மா இருங்க. அவரு மணிதான் அடிக்கறாரு. பரிசு குடுக்கறது வேற ஆளுங்க."

புதுப் பாட்டா என்று கேட்டேன். அம்மிணியின் முகம் மலர்ந்தது.

"நானே கட்டுனதுங்க. மூணு வருசமாச்சு. மொளகு பறிக்க ஏணி மேல நிக்கறப்ப ஒவ்வொரு வரியா வந்துது. இன்னும் ஒருத்தர் காதுலயும் உழுகலீங்க, இவரைத் தவிர."

"நான் கேட்டனா? ஏணியப் புடிச்சுட்டு நின்னேன்," என்றார் கணவர்.

"ஒரு வரி பாடு அம்மிணி, கேக்கலாம்," என்றேன்.

"அதெல்லாம் மேடைலதானுங்க. அன்னைக்குக் கேட்டுப்போட்டு, எந்த எடம் நல்லாருக்குதுன்னு சொல்லோணும் நீங்க. ஒரே ஒருக்கா மொதப் பரிசுங்க. அப்பறம் நானே சால்வையப் போத்திக்கிட்டு மூலைல உக்காந்துக்கறேன்."

நடுவர் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, மிளகு ரசம், மலைவாழைப்பழம் என்று அவர் சொன்னார். ஊரில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்களாம். எனக்கு அந்த டைரிப் பக்கங்கள் ஞாபகம் வந்தன. இத்தனை வருடம் சொல்லாததை அந்த மிளகுப் பாயின் ஓரத்தில் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன்.

கணவர் கயிற்றைக் கீழே போட்டார். "அப்ப இத்தன வருசமா நாம்ப பாட்டுல தோக்கலியா? கொழம்புலதான் தோத்தமா?" என்று கேட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

அம்மிணி சிரிக்கவில்லை. அப்படிப்பட்ட பரிசு வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். அவர் மிளகுத் தூசியை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"அந்த டைரியெல்லாம் எடுத்துட்டு வருவீங்களா ரைட்டரண்ணா? என்னென்ன தின்னாங்கன்னு படிங்க."

அடுத்த ஞாயிறு கொண்டுபோனேன். ஒரு துணிப்பையில் எட்டு டைரிகள். வருடம் வாரியாகப் படித்தேன். மட்டன் பிரியாணி, நாட்டுக்கோழி வறுவல், தலைக்கறி, ரத்தப் பொரியல், ஆட்டுக்கால் பாயா. அம்மிணியின் மகள் பழைய நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டாள்.

"எதைங்க நெறையத் தின்னாங்க?"

"நல்லியெலும்பு."

"ஆளுக்கு எத்தன?"

"அதை எழுதலை."

"அதையும் எழுதியிருக்கோணுமுங்க," என்றார் கணவர். "என்ன ரைட்டரு நீங்க!"

ஊரார் முதலில் ஒப்பவில்லையாம். பிறகு ஒப்புக்கொண்டார்கள். இரண்டு கிடா ஏற்பாடாயிற்று. நான் என் பங்குக்கு ஒன்று செய்து பார்த்தேன். குழுச் செயலாளரிடம் போய், தனிப்பாட்டை மட்டும் காலையில் வைத்துவிடலாமே என்றேன்.

"அதெப்படிங்க? கும்மியும் தப்பும் காலைல நடந்தாத்தான் கூட்டம் சேரும். தனிப்பாட்டு சத்தமில்லாத அயிட்டம். சாப்புட்ட பின்னால நடுவருங்களுக்கும் கொஞ்சம் ஓய்வாட்ட இருக்குமுங்க."

"தூங்கிடறாங்களே."

"தூக்கமில்லீங்க, கண்ணை மூடிட்டு ரசிக்கறது," என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார் என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. "சாப்பாட்டு வெசயத்துல கை வெச்சா அடுத்த வருசம் ஒருத்தரும் மேல ஏறி வர மாட்டாங்க, பாத்துக்குங்க."

சீட்டுக் குலுக்கியதில் தனிப்பாட்டில் அம்மிணிக்கு முதல் எண் விழுந்தது. பந்தி முடிந்த உடனே அவர் பாட வேண்டும்.

போட்டி நாள் காலையில் பனி எட்டு நாற்பதுக்கு விலகியது. மேடைக்குப் பின்னால் பந்தல் போட்டு, நடுவர்களுக்கு மேசை நாற்காலி வைத்து, சுற்றிலும் படுதா கட்டியிருந்தார்கள். ஆடுகிற பாடுகிற பிள்ளைகளுக்கு வெளியே தக்காளிச் சோற்றுப் பொட்டலம். பிரியாணி மணம் படுதாவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கும்மி உடுப்பில் இருந்த ஐந்தாறு சிறுமிகள் படுதாவின் கிழிசலில் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். குழுவைச் சேர்ந்த ஒருவர் போய் அவர்களைக் கோழி விரட்டுவதுபோல் கையை ஆட்டி விரட்டினார்.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர், ஒருவர் ஓய்வுபெற்ற அதிகாரி, மூன்றாமவர் விழாக்களில் மைக் பிடித்துப் பேசுகிறவர். பன்னிரண்டு ஐம்பதுக்கு உட்கார்ந்தார்கள். ஒன்று ஐம்பத்தைந்துக்கு எழுந்தார்கள்.

அந்த ஒரு மணி ஐந்து நிமிடத்தை நான் மறக்க முடியாது. சங்கீதக்காரர் நல்லியெலும்பை வாயில் வைத்து உறிஞ்சினார். வராவிட்டால் மேசை விளிம்பில் தட்டினார். தட்டித் தட்டி உள்ளிருந்த மஜ்ஜையை உள்ளங்கையில் கொட்டி நக்கினார். அதிகாரி பேசும்போது சோற்றுப் பருக்கை அவர் வாயிலிருந்து என் இலைக்கு வந்தது. மைக் பிடிப்பவர், எழுந்து நின்று இடுப்பு வாரை இரண்டு ஓட்டை தளர்த்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். மென்று துப்பிய சக்கையை மூவரும் இலையோரம் சேர்க்காமல் மேசைமேலேயே வைத்தார்கள். கீழே இரண்டு நாய்கள் அவர்கள் கால்களுக்கு நடுவில் படுத்திருந்தன.

பரிமாறியது அம்மிணிதான். காலையிலிருந்து அடுப்புப் புகையில் நின்றதில் அவர் கண் சிவந்திருந்தது. பாடுவதற்குக் கட்டியிருந்த பச்சைச் சேலையின் மேல் பழைய துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தார்.

"ஏம்மா, இன்னொரு கரண்டி போடு. நீயும் பாடறியாமே?" என்று சங்கீதக்காரர் கேட்டார்.

"கொஞ்சம் பாடுவேனுங்க."

"கையே இப்படி மணக்குதுன்னா குரல் எப்படி இருக்கும்!"

மூன்று பேரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்றிருந்த செயலாளரும் சிரித்தார். அம்மிணி கரண்டியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றிருந்தார். பிறகு எனக்கும் ஒரு கரண்டி வைத்தார்.

"நீங்களும் நல்லாச் சாப்புடுங்க ரைட்டரண்ணா. பாட்டக் கேக்கோணுமல்ல."

இரண்டு மணி பதினான்கு நிமிடத்துக்கு அவர் மேடையேறினார். "ரெண்டு வந்திருச்சு!" என்று கூட்டத்தில் வழக்கம்போல் கத்தினார்கள். இந்த முறை அவர் விரல் காட்டவில்லை. மைக்கைத் துடைத்தார். காலையிலிருந்து எழுபது பேராவது வாயை வைத்த மைக் அது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நான் கடிகாரத்தை அழுத்தினேன்.

நடுவர் மேசை எனக்கு நேர் எதிரே. ஒரு நிமிடம் இருபது வினாடியில் அதிகாரியின் தலை பின்னால் சாய்ந்தது. இரண்டு நிமிடம் ஐந்தில் மைக் பிடிப்பவர். சங்கீதக்காரர் கொஞ்ச நேரம் விரலால் தாளம் போட்டார். மூன்று நிமிடம் நாற்பதில் தாளம் நின்றது, வாய் திறந்தது. உதட்டோரத்தில் மஞ்சள் எண்ணெய் காயாமல் இருந்தது. ஓர் ஈ வந்து அதில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. என் நோட்டில் இந்த நேரங்களையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். இதை ஒருநாள் யாரிடமாவது காட்ட வேண்டும், காட்டியே தீர வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். ஆறாவது நிமிடத்தில் மணி அடித்தேன். யாரும் விழிக்கவில்லை. ஏழில் இரண்டு முறை அடித்தேன், தேவைக்கு மேல் பலமாகவே. அதிகாரி மட்டும் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்து, மறுபடி மூடிக்கொண்டார்.

ஏழு நிமிடம் நாற்பத்திரண்டு வினாடியில் பாட்டு முடிந்தது. கைதட்டல் கேட்டு மூவரும் எழுந்தார்கள். எழுந்த கையோடு தாங்களும் தட்டினார்கள்.

மாலையில் தாள்கள் என் மேசைக்கு வந்தன. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு. சங்கீதக்காரர் குறிப்பு என்ற இடத்தில் "ஆழ்ந்த பாவம்" என்று எழுதியிருந்தார். அவருக்கு அடுத்துப் பாடிய எட்டுப் பேருக்கும் முப்பதுகளில் போட்டிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எண்ணெய். சாக்பீஸைச் சுரண்டினேன், தூவினேன், ஐந்து நிமிடம் காத்திருந்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் எழுந்து மைக்குக்குப் போயிருக்கலாம். நோட்டு சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் இந்தப் பரிசு அம்மிணிக்கு வரவேண்டியது, நான் வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துணியால் ஒற்றினேன். கையெழுத்து நன்றாக விழுந்தது.

முதல் பரிசு என்று அறிவித்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல், "கறி ஜெயிச்சிருச்சு டோய்!" என்றது. மைதானம் முழுக்கச் சிரிப்பு. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. டைரி இல்லாமலே, எல்லா ஊருக்கும், எல்லா வருடமும் தெரிந்திருக்கிறது. முறை எப்போது வரும் என்று ஒவ்வோர் ஊரும் காத்திருந்திருக்கிறது. கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

கூட்டம் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு அம்மிணி என் மேசைக்கு வந்தார். பரிசுக் கோப்பையை இடுப்பில் குடம் வைப்பதுபோல் வைத்திருந்தார்.

"மூணு பேருந் தூங்கிட்டாங்க. பாத்துட்டேதானுங்க பாடுனேன்."

நான் பித்தளை மணியைத் துணியில் சுற்றினேன்.

"போச்சாது, அவங்க கெடக்கறாங்க. நீங்க கேட்டீங்கல்ல? எந்த எடம் நல்லாருந்துச்சு?"

"ஏழு நிமிஷம் நாப்பத்திரண்டு செகண்டு அம்மிணி. எட்டுக்குள்ள அழகா முடிச்சிட்டே."

"நேரத்தக் கேக்கலீங்க." கோப்பையை மேசைமேல் வைத்தார். "பாட்டுல ஒரு எடம் சொல்லுங்க. ஒரு வரி போதும்."

நினைத்துப் பார்த்தேன். அதிகாரியின் தலை சாய்ந்தது நினைவுக்கு வந்தது. ஈ வந்தது. திறந்த வாய் வந்தது. மிளகு என்ற சொல் எங்கோ வந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது, ஆனால் அப்போது நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"சரி, உடுங்க," என்றார். "பிரியாணி அண்டாவக் கழுவி இன்னைக்கே திருப்பிக் குடுக்கோணும்."

படுதாவுக்குப் பின்னால் போய் அண்டாவுக்குள் தலையை விட்டுச் சாம்பலும் மண்ணும் போட்டுத் தேய்த்தார். கணவர் கழுவிய அண்டாவை வண்டியின் பின்னால் கட்டினார்; கோப்பை அதற்குள் கிடந்து, பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் சத்தம் கேட்டது.

பத்து நாள் கழித்து நான் அந்த ஊருக்குப் போனேன். அந்தப் பாட்டை மறுபடி ஒருமுறை பாடு, எழுதிக்கொள்கிறேன் என்றேன். அம்மிணி ஏணியில் இருந்தார். இறங்கவில்லை.

"எதுக்குங்க? மொதப் பரிசுதான் வாங்கியாச்சே," என்றார் மேலேயிருந்து.

போட்டி நாளுக்கு டைரியில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். மூவரும் தூங்கிய நேரம் வினாடி சுத்தமாக இருக்கிறது. மணியடித்த நேரம் இருக்கிறது. பரிமாறியவை பதினோரு வகை, ஒன்றும் விடாமல் இருக்கிறது. அதற்குக் கீழே வழக்கமாக எழுதும் ஒரு வரியும் இருக்கிறது: நல்ல சாப்பாடு, இலையில் எதுவும் மிச்சம் வைக்கவில்லை.